நான்கால் வகுபடும் நாடி

பத்தாங் பெர்ஜுந்தாய்,
14.6.1989, புதன்கிழமை.

அன்பு மகள் கலாவதிக்கு அம்மா எழுதுவது. ஜூன் மாதத்திலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் வார்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய், அந்தச் சீமைக் குளிரிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அதை அடித்துவிட்டேன், மேலே தெரிகிற கீறல் அதுதான். வேறு தாளில் தொடங்கலாம் என்று எழுந்து அலமாரி வரைக்கும் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். பயந்துவிடாதே பிள்ளை, எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். முழுவதையும் படித்துவிட்டுப் பிறகு யோசி. நடுவில் டெலிபோன் செய்ய ஓடாதே, நீ கூப்பிட்டால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி எடுப்பார், அரைமணி நேரத்தில் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். வழக்கமாகச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதுகிற நான் இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போன பிறகு ஐந்தாம் வகுப்பு அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா பார்க்கக் கூடாது என்பதற்காக. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு மறைத்து நான் எழுதும் முதல் கடிதம் இது, அதனால்தானோ என்னவோ எழுத்துக் கோணலாக வருகிறது.

முதலில் வீட்டுச் சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். கெர்லிங்கிலிருந்து இரத்தினம்மா பெரியம்மா வந்து ஐந்து நாள் தங்கியிருந்து போனார். பெரியப்பா போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டார், தெரிந்தேதான் தவறவிட்டார் என்று நினைக்கிறேன். உனக்கென்று மிளகாய்த்தூள் இடித்துக் கொடுத்திருக்கிறார், யாராவது அந்தப் பக்கம் வந்தால் அனுப்புகிறேன். பின்பக்கத்து முருங்கை இந்த முறை கிளை முறிய முறியக் காய்த்தது. பழைய ரப்பர்க் காட்டில் மிச்சம் இருந்ததையும் வெட்டிவிட்டார்கள், இனி ஆற்றங்கரை வரைக்கும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். லோரிகள் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போவதால் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது ஏழாம் எண்ணில் தொடங்கினால் ஒன்பதில்தான் என் சத்தம் எனக்குக் கேட்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்காக நீ அனுப்பியிருந்த அச்சுப் பாரங்களை அப்பா எவ்வளவு ஆசையாக நிரப்பி அனுப்பினார் என்பது உனக்குத் தெரியும். நம் தோட்டத்திலும் டிரசராக அவர் மருந்து கொடுத்துப் பார்க்கிற பக்கத்து இரண்டு தோட்டங்களிலும் ஐம்பது வயதைத் தாண்டிய இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒருவருக்குக்கூட நாடி தாறுமாறாக இல்லை என்று ஏப்ரலில் எழுதினார். உங்கள் டாக்டர் அதைப் பார்த்து வியந்து போனார் என்றும், உங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்காவது இந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறுத் துடிப்பு இருக்கும், எழுபத்தைந்தைத் தாண்டினால் பத்துப் பேருக்குக்கூட இருக்கும் என்றும், கிழக்குப் பக்கத்து மக்களுக்கு இது அரிது என்று அவர் வெகுகாலமாக நினைத்துக்கொண்டிருந்ததற்கு இப்போது கணக்குக் கிடைத்துவிட்டது என்றும், செப்டம்பரில் கூட்டத்தில் அவர் படிக்கப் போகிற கட்டுரையில் உன் பெயரும் அச்சில் வரும் என்றும் நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அப்பா டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் நாலு நாள் மேசையில் விரித்தபடி வைத்திருந்தார். ஊசி போட்டுக்கொள்ள வருகிற சின்னப் பிள்ளைகளுக்குக்கூடக் காட்டினார்.

மூன்றாம் பக்கத்தில் மை பரவி வாசிக்க முடியவில்லை என்று அதை மட்டும் மறுபடி கேட்டிருந்தாய் அல்லவா, அப்பாவின் எழுத்தை அவரே இரண்டாம் தடவை படிக்க முடியாது, அதனால் பதிவேட்டைக் கொண்டுவந்து கொடுத்து, நீர் வடிவாக எழுதித் தாரும் என்றார். சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். பெயர், வயது, நாடி, ஒழுங்கா ஒழுங்கில்லையா, மருந்து. எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எண்பது, எழுபத்திரண்டு, எண்பத்து நான்கு, எண்பது. பத்துப் பன்னிரண்டு வரி எழுதும்வரை கைதான் எழுதியது. பிறகு கணக்கு வாத்தியாரம்மாவின் மூளை விழித்துக்கொண்டது. பக்கத்தைத் திருப்பினேன், முன்பக்கத்தைப் பார்த்தேன், போன வருஷத்துப் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். எழுபத்து மூன்று இல்லை. எழுபத்தைந்து இல்லை. எண்பத்தொன்று இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு மனிதர்களின் இருதயம், ஒன்று பாக்கியில்லாமல், நான்கால் வகுபடுகிறது.

அவரிடம் விளையாட்டுப் போலக் கேட்டேன். அவரும் மறைக்கவில்லை, அதில் மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னார். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆட்கள் நிற்கிற நேரத்தில்தான் அவர் பார்க்க வேண்டும், லோரி புறப்படுவதற்குள் முப்பது நாற்பது பேர், அதனால் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது, வேலைக்குச் சேர்ந்த வருஷத்தில் அந்தக் காலத்து வெள்ளைக்கார டாக்டர் சொல்லிக் கொடுத்த வழி, அவருக்குத் தெரிந்த எல்லா டிரசர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். உன் பாரத்துக்காகத் தனியாக யாரையும் பார்க்கவில்லை, பதிவேட்டில் இருந்ததை எடுத்து எழுதியிருக்கிறார். ஒழுங்கா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வேலைக்கு நடந்து போகிறார்கள், குலை வெட்டுகிறார்கள், பிறகென்ன ஒழுங்கு என்றார். அவர் பொய் எழுதவில்லை கலா, இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். முப்பது வருஷமாகச் செய்வதைச் செய்தார். பதினைந்து விநாடியில் எண்ணுவதிலேயே கவனம் போய்விடும், ஒரு துடிப்பு முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்று யார் கவனிப்பது, கவனித்தாலும் பெருக்கினவுடன் எல்லாம் வழவழவென்று ஆகிவிடுகிறது. பிள்ளைகளின் தவறான கணக்கில் விடை மட்டும் அழகாக வந்திருந்தால் எனக்கு ஒரு கலக்கம் வரும், அதே கலக்கம்தான் அன்றைக்கு வந்தது.

அந்தக் கலக்கம் அதோடு நின்றிருந்தால் இரண்டு வரியில் உனக்குச் சொல்லிவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின மாதம், மே இருபத்தோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்று நடந்தது, உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கோப்பிக் கோப்பை நழுவி விழுந்தது. நான் துடைக்கத் துணியோடு வந்தபோது வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன், சொல்ல வாய் திறந்தார், வார்த்தை வரவில்லை, வந்ததும் ஒரு வார்த்தைக்குப் பதில் இன்னொன்றாக வந்தது. தண்ணீர் கேட்க நினைத்துச் சாவி என்று சொன்னார். நான் பயந்துபோய் நின்ற பத்து நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. கை தூக்கினார், பேசினார், எழுந்துபோய் முகம் கழுவினார். களைப்பு, காற்று, ஓமத்தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார். வேறு யாராவது அந்தக் கதையோடு டிஸ்பென்சரிக்கு வந்திருந்தால் அவரே வேன் வரவழைத்துக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்.

நாடி தாறுமாறானால் பக்கவாதம் வரலாம் என்று நீ முன்பு எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது, அதனால் அந்தச் சனிக்கிழமை பதிவேட்டை மூடிவிட்டு முதலில் என் கையை நானே பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். எழுபத்தொன்று. கடிகாரம் மாதிரி ஓடியது. அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மெல்ல அவருடைய மணிக்கட்டில் விரலை வைத்தேன். பள்ளிக்கூட மணி அடித்தவுடன் பிள்ளைகள் வாசல் வழியாக வெளியே வருவதை நீ பார்த்திருக்கிறாய், மூன்று பேர் முட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், பிறகு யாரும் இல்லை, போய்விட்டார்களோ என்று எட்டிப் பார்த்தால் ஒன்று வரும், பின்னாலேயே இரண்டு விழுந்தடித்துக்கொண்டு வரும். அப்படித்தான் இருந்தது. முதல் நிமிடம் எண்பத்தேழு, அடுத்த நிமிடம் தொண்ணூற்று நான்கு, மூன்றாவதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. கையை எடுக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவருடைய கையை ஒரு முழு நிமிடம் சேர்ந்தாற்போல் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அவர் ஊரில் எல்லோருடைய கையையும் பிடிப்பவர். அவர் கையைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

எழுந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார், நீர் எப்ப டாக்டருக்குப் படிச்சனீர் என்று கேட்டார். கிள்ளானுக்குப் போய் ஈசிஜி எடுத்துப் பார்ப்போம் என்றேன், சிரிப்பு நின்றுவிட்டது. உன் கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் விரித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எனக்கு ஒண்டும் இல்லை. உது வெள்ளைக்காரக் கிழடுகளுக்கு வாற வருத்தம். எங்கடை ஆக்களுக்கு வராது எண்டு உம்மடை மகளே எழுதியிருக்கிறாள்.” அவர் எண்ணாமல் அனுப்பிய பூஜ்யம் கடல் தாண்டிப் போய், பெரிய டாக்டரின் வாயால் உண்மையாகி, உன் கையெழுத்தில் திரும்பி வந்து, அவருக்கே மருந்துச் சீட்டு வேண்டாம் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னேன். மருந்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் சோக்கைப் பிடித்தபடி நின்றுவிடுகிறேன். அவர் செருமினால் திரும்பிப் பார்க்கிறேன், செருமாவிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன். சும்மா இருக்க முடியாமல்தான் போன வாரம் ஒரு காரியம் செய்தேன். பள்ளி முடிந்ததும் கைக்கடிகாரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் போய் நம் தோட்டத்தில் ஐம்பது தாண்டியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். அறுபத்து மூன்று பேர், நாலு நாள் ஆயிற்று. கேலிக்குக் குறைவில்லை. டீச்சரம்மா கையப் புடிச்சி வாய்ப்பாடு கேக்குறாங்க லா என்று குழாயடியில் சத்தம். காளியம்மா மட்டும் ஒரு நிமிடமும் அசையாமல் கையைக் கொடுத்துவிட்டு, நான் முடித்ததும், எங்க வீட்டுக்காரரு கூட இம்புட்டு நேரம் எங்கையப் புடிச்சதில்ல டீச்சரம்மா, இன்னும் கொஞ்சம் புடிங்க என்றாளே பார், அத்தனை கலக்கத்திலும் சிரித்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை, எனக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும்தான், அதனால் சந்தேகமான பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறிதான் போட்டிருக்கிறேன். இரண்டு கேள்விக்குறிகள். ஒன்று வாட்ச்மேன் வேலையை விட்டு வீட்டிலிருக்கும் செல்லன், அறுபத்தேழு வயது. மற்றது எடை போடுமிடத்தில் கூட்டுகிற ஒரு கிழவி. அறுபத்து மூன்றில் இரண்டு. நூற்றுக்கு எத்தனை என்று நீயே போட்டுப் பார், உங்கள் ஊர்க் கணக்குக்குத் தூரமா பக்கமா என்று எனக்குச் சொல். அறுபத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கு விடை சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் பக்கம் உண்மையிலேயே குறைவாகவும் இருக்கலாம். ஆனால் இல்லை என்று சொல்வதற்கு முதலில் எண்ணியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அமராவதியை உனக்கு ஞாபகம் இருக்கும், செம்பனை உதிரிப் பழம் பொறுக்குகிறவள், உன்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள், தீபாவளிக்கு உனக்கு மருதாணி வைத்துவிடுவாள். மற்றவர்களுக்கு எண்ணுவதைப் பார்த்து அவளாகவே கையை நீட்டினாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அப்பாவின் கையைப் பிடித்திருப்பது போலவே இருந்தது, அதைவிட மோசம். சின்ன வயதில் முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் கிடந்தாளாம். இரண்டாவது பிரசவத்துக்குப் போனபோது இருதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லி, துடிப்பை அடக்க ஒரு மாத்திரையும் இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் சாப்பிட்டாள். அந்த இரண்டாவது மாத்திரைக்கு மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனுக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து குவாலா சிலாங்கூர், அப்புறம் கிள்ளான், திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும், பெரட்டில் பெயருக்கு நேராகக் குறுக்குக் கோடு விழுந்து அன்றைய கூலி போய்விடும். ஐந்தாவது மாதம் போகவில்லை. நல்லாத்தான் இருக்கேன் டீச்சரம்மா, மூட்டை தூக்குனாத்தான் மூச்சு வாங்குது என்கிறாள். உங்கள் பாரத்தில் அமராவதிக்கு இடமே இல்லை கலா. ஐம்பது வயதுக்கு மேல் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே அது வயதானவர்களுக்கு வருவது, அதனால் அப்படிக் கேட்கிறீர்கள், அவளுக்கு முப்பத்தெட்டு. இங்கே பிள்ளை வயதுக் காய்ச்சலில் தொடங்கி நடுவயதில் வந்து நிற்கிறதென்றால் உங்கள் வலையின் கண்ணுக்குள் இவர்கள் விழவே மாட்டார்கள். இதையும் உங்கள் டாக்டருக்குச் சொல்.

நான் லயத்தில் எண்ணியது அப்பாவுக்கு எட்டாமல் இருக்குமா? திங்கட்கிழமை பெரட்டில் வைத்து ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் உடையப்பன், என்னா டிரசர் ஐயா, வீட்டம்மா போட்டிக்கு டிஸ்பென்சரி தொறந்துட்டாங்க போல லா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டான். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. நான் அவரை ஊருக்குள் சிரிக்க வைத்துவிட்டேன் என்றார், முப்பது வருஷ வேலைக்கு நான் பரீட்சை வைக்கிறேன் என்றார், இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு பெற்றுப் போகிற மனிதனை நிம்மதியாகப் போக விடமாட்டீரா என்றார். நான் நோட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். செல்லனின் பெயரைப் பார்த்தார், கேள்விக்குறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அண்ணையின்ரை கையையும் நான்தானே பிடிச்சுப் பாத்தனான். எழுபத்தாறு எண்டு சொன்னனான்.”

உன் தர்மலிங்கம் பெரியப்பாவைத்தான் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் கெர்லிங்கில் அவர் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னபோது அப்பாதான் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லி வந்தார், பதினேழாம் நாள் பெரியப்பா பக்கவாதத்தில் விழுந்தார், அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. எழுபத்தாறு. நான் மனதில் வகுத்துப் பார்க்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் ஏதோ பாரத்தையும் பஸ்ஸையும் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் இத்தனை நாளும் இந்த ஒரு எண்ணைச் சுமந்துகொண்டு அதற்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கால் நிமிடம் போதாது என்று ஒப்புக்கொண்டால் அண்ணனைத் தன் கையாலேயே விட்டுவிட்டதாக ஆகிவிடும். அன்றைக்கு முழு நிமிடம் எண்ணியிருந்தால் பெரியப்பா பிழைத்திருப்பாரா என்று யாருக்குத் தெரியும், எண்ணியிருந்தாலும் அவரைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போயிருப்போமா, போயிருந்தாலும் மாத்திரை கொடுத்திருப்பார்களா. இதையெல்லாம் அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன், சோற்றுத் தட்டை எடுத்து மூடி வைத்தேன். நான் லயத்தில் எண்ணிய அதே வாரம் பெரியம்மா இங்கே இருந்தபோது அவர் கண்ணில் படாமல் டிஸ்பென்சரியிலேயே அப்பா ஏன் அதிக நேரம் இருந்தார் என்பதும் பிந்தித்தான் விளங்கியது. இரண்டு நாளாக அவர் என்னோடு கோபமாகவும் இல்லை, பேசவும் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் அச்சுக்குப் போக விடாதே. உன் பெயர் வருகிறதென்று எங்களுக்கும் ஆசைதான், அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய ஒரு பிரதி கேட்டிருந்தார் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் இன்னொரு டாக்டர், இந்த ஆட்களுக்கு இது வருவதில்லை என்று ஒருவரின் கையைக் கீழே விட்டுவிடுவார். டாக்டரிடம் போய், கால் நிமிடம் எண்ணிப் பெருக்கியது என்ற உண்மையைச் சொல். அப்பாவின் பெயரைக் குறைவாகப் பேச இடம் கொடுக்காதே, அங்கேயும் அவசரத்தில் அப்படி எண்ணுகிற நர்ஸ் யாரும் இல்லையா என்று வேண்டுமானால் கேள். அப்பாவுக்கு நீ தனியாக எழுத வேண்டும், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கிள்ளானுக்குப் போங்கள் என்று எழுதாதே, எழுதினால் போகமாட்டார். டாக்டருக்கு முழு நிமிடக் கணக்குத் தேவைப்படுகிறது, உங்களால்தான் முடியும் என்று எழுது. அவர் வேலையை வேலையாகக் கேட்டால் செய்வார்.

சிகிச்சையைப் பற்றியும் எனக்கு விளங்கும்படி எழுது. டென்மார்க்கில் இந்த வருஷம் ஒரு ஆய்வு வந்திருக்கிறது, வால்வு நன்றாக இருக்கிறவர்களுக்கும் இரத்தம் உறையாத மாத்திரை கொடுத்தால் பக்கவாதம் குறைகிறது என்று, அதை வைத்து உங்கள் வார்டில் டாக்டர்களே இரண்டு பக்கமாக வாதாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அப்பாவுக்கு அது வேண்டியிருக்குமா, ஆஸ்பிரின் போதுமா? உங்களுக்குத் தெருமுனையில் இரத்தம் எடுக்கிற கிளினிக் இருக்கிறது, வராதவர்களுக்குக் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறீர்கள். இங்கே மூன்று பஸ். நான் மாதம் ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிப் போகத் தயார், அவரோடு அமராவதியையும் ஏற்றிக்கொள்வேன், பெரட்டில் விழுகிற குறுக்குக் கோட்டைப் பற்றி மானேஜரிடம் நானே பேசுகிறேன். அந்த மாத்திரை சாப்பிடும்போது கீரையே தொடக்கூடாது என்று அமராவதியிடம் யாரோ சொன்னார்களாம், வீட்டில் முருங்கை மரத்தை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும்? முற்றாக நிறுத்த வேண்டுமா, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதுமா என்று கட்டாயம் கேட்டு எழுது.

வெளியே லோரிச் சத்தம் ஓய்ந்துவிட்டது, வாட்சுக்காரன் பூட்ட வந்து நிற்கிறான். நீ இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கோபப்பட்டு யாருக்கும் கடிதம் எழுதாதே, ஒரு நாள் வைத்திருந்து பிறகு தபாலில் போடு. அங்கே யார் யாருடைய கையையோ பிடித்து எண்ணுகிற நீ உன் கையையும் ஒரு தரம் முழு நிமிடம் பிடித்துப் பார், எத்தனை என்று எனக்கு எழுது. முருகன் உனக்கு நீண்ட ஆயுளையும் நிதானமான மனத்தையும் தரட்டும். அப்பாவின் அன்பையும் சேர்த்து நானே அனுப்புகிறேன், அவர் சொல்லவில்லை, ஆனால் அது எப்போதும் உண்டு.

உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா,
கு. யோகாம்பாள்.

பி.கு. 18.6.89, ஞாயிறு. இந்தக் கடிதம் நாலு நாளாக என் கைப்பையிலேயே கிடந்தது, தபாலில் போடக் கால் எழவில்லை. இதோடு வைத்து அனுப்பலாம் என்று என் அறுபத்து மூன்று பெயரையும் உன் பாரத்தில் வடிவாக எழுதி அலமாரியில் வைத்திருந்தேன். இன்று காலை எடுத்துப் பார்த்தால் அது அலமாரியில் இல்லை, சாப்பாட்டு மேசையில் கோப்பை வைத்து அமர்த்தி இருந்தது. செல்லனுக்கும் அந்தக் கிழவிக்கும் நான் போட்ட கேள்விக்குறிகளின் மேல் அப்பாவின் சிவப்பு மையில் சரி போட்டிருக்கிறது, எப்போது போய்ப் பார்த்தார் என்று தெரியவில்லை. மேலே நாடி என்ற தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு முழு நிமிடம் என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறார். கடைசி வரிக்குக் கீழே அடிமட்டம் வைத்து இன்னொரு வரி கிழித்திருக்கிறார். எஸ். குமாரசிங்கம், ஆண், ஐம்பத்து நான்கு, ஒழுங்கில்லை. மருந்து என்ற இடத்தில் மற்ற எல்லோருக்கும் இல்லை என்று நான் எழுதியிருந்தேன், அவர் தனக்கு இன்னும் இல்லை என்று எழுதியிருக்கிறார். பின்பக்கத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டு நிற்கிறார். கிள்ளானுக்குப் போக நாளைக்கு லீவு கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதிவிட்டேன். அவர் வரியில் நாடி, தொண்ணூற்றொன்று. நான்கால் வகுத்துப் பார்த்தேன், மூன்று மிஞ்சுகிறது.